செப்டம்பர் 22 (விளையாட்டு)

செப்டம்பர் 22 கிரிகோரியன் ஆண்டின் 265 ஆம் நாளாகும். நெட்டாண்டுகளில் இது 266 ஆம் நாள். ஆண்டு முடிவிற்கு மேலும் 100 நாட்கள் உள்ளன. விளையாட்டு வரலாற்றில் இந்நாளில் இடம்பெற்ற முக்கிய நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகின்றது.

தமிழ்நாட்டு விளையாட்டு வரலாற்றில் இந்நாளுக்குத் தனி இடம் உண்டு. டெஸ்ட் துடுப்பாட்ட (கிரிக்கெட்) வரலாற்றில் சமநிலையில் முடிந்த இரண்டே போட்டிகளுள் இரண்டாவது, 1986 ஆம் ஆண்டு இந்நாளில் சென்னை சேப்பாக்கத்தில் நிறைவுற்றது. 38 ஆண்டுகள் கழித்து, 2024 இல் இதே நாளில், அதே அரங்கில் சென்னையைச் சேர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின் இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்தார். அன்றே அங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் இந்திய ஆடவர், மகளிர் அணிகள் இரண்டும் சதுரங்க ஒலிம்பியாடில் தங்கப் பதக்கம் வென்றன. அவ்வணிகளில் தமிழ்நாட்டு வீரர்கள் மூவர் இடம்பெற்றிருந்தனர். இந்தியத் துடுப்பாட்ட அணியின் முன்னாள் தலைவர் மன்சூர் அலி கான் பட்டோடி மறைந்ததும் (2011) இந்நாளிலேயே.

நாளும் பருவமும்

செப்டம்பர் 22 அல்லது 23 இல் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கின்றது. பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். தமிழ் நாட்காட்டியில் இது புரட்டாசி மாதத்தின் முதல் வாரத்தில் வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சில வாரங்களே எஞ்சியிருக்கும் இக்காலத்தில் சோழமண்டலக் கரையில் வெயிலும் புழுக்கமும் ஒருசேரக் காணப்படும். சென்னையின் சராசரி உச்ச வெப்பநிலை செப்டம்பரில் சுமார் 34 பாகை செல்சியசு ஆகும்.

இப்பருவத்தின் தன்மையை அறிய இக்கரையின் உப்பளங்கள் நல்ல எடுத்துக்காட்டாகும். சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கி.மீ. தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் அமைந்துள்ளது. கழுவேலி உப்பங்கழியை ஒட்டிய இவ்வூரில் உப்பு நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலாலும் காற்றாலும் நீரை ஆவியாக்கி, எஞ்சும் உப்பை மரப்பலகையால் வாரிக் குவிப்பர். ஆண்டின் தொடக்க மாதங்களில் தொடங்கும் உப்பு உற்பத்தி, பருவமழை வந்து பாத்திகளில் நீர் நிறைந்ததும் நின்றுவிடும். எனவே செப்டம்பர் மாதம் உப்புப் பருவத்தின் கடைக்கூறு ஆகும். வெயில் கடுமையாகும் முன்பே வேலையை முடிக்க வேண்டி உப்பளத் தொழிலாளர்கள் அதிகாலையிலேயே பாத்தியில் இறங்குவது வழக்கம்.

டெஸ்ட் போட்டியிலோ வெயில் ஏறும் நேரமே ஆட்ட நேரமாகும். வியர்வை ஆவியாவதாலேயே மனித உடல் குளிர்கின்றது. கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடல் மேலும் மேலும் வியர்க்க, நீரும் உப்பும் குறைந்து தசைப்பிடிப்பு, வாந்தி, மயக்கம் ஆகியன ஏற்படுகின்றன. சென்னையில் டெஸ்ட் போட்டிகள் நெடுங்காலம் பொங்கலையொட்டிய தை மாத நாட்களில் நடத்தப்பட்டு வந்தன. இவை 'பொங்கல் டெஸ்ட்' எனவே அழைக்கப்பட்டன. செப்டம்பரில் நடந்த 1986 ஆம் ஆண்டுப் போட்டி இவ்வழக்கத்திலிருந்து மாறுபட்டது. அதன் விளைவு ஆட்டத்தின் போக்கிலேயே வெளிப்பட்டது.

நிகழ்வுகள்

1911 - அமெரிக்க அடிபந்தாட்ட (பேஸ்பால்) எறிவாளர் சை யங் தனது 511 ஆவதும் இறுதியுமான வெற்றியைப் பெற்றார்.

1927 - சிகாகோ நகரில் நடைபெற்ற உலக அதிபார எடைக் குத்துச்சண்டைப் போட்டியில் ஜீன் டனி, ஜாக் டெம்ப்சியைப் புள்ளிகள் அடிப்படையில் வென்று பட்டத்தைத் தக்கவைத்துக் கொண்டார். இது 'நீண்ட எண்ணிக்கைச் சண்டை' எனப் பெயர் பெற்றது.

1946 - யோகி பெர்ரா அமெரிக்க முதன்மை அடிபந்தாட்டக் கூட்டிணைவில் முதன்முறையாக விளையாடினார்.

1969 - அமெரிக்க அடிபந்தாட்ட வீரர் வில்லி மேய்ஸ் தனது 600 ஆவது 'ஹோம் ரன்'னை அடித்தார்.

1986 - சென்னையில் இந்தியா, ஆஸ்திரேலியா அணிகளுக்கிடையேயான டெஸ்ட் போட்டி சமநிலையில் முடிந்தது.

2007 - முதலாவது இருபது20 உலகக்கிண்ணத்தின் அரையிறுதிப் போட்டியில் இந்தியா டர்பன் நகரில் ஆஸ்திரேலியாவை 15 ஓட்டங்களால் வென்றது. யுவராஜ் சிங் 30 பந்துகளில் 70 ஓட்டங்கள் எடுத்து ஆட்ட நாயகனாகத் தெரிவானார். இரு நாட்களின் பின்னர் இந்தியா கிண்ணத்தைக் கைப்பற்றியது.

2016 - இந்திய அணியின் 500 ஆவது டெஸ்ட் போட்டி கான்பூரில் நியூசிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. முதல் நாளில் தமிழ்நாட்டின் முரளி விஜய் 65 ஓட்டங்கள் எடுத்தார். இப்போட்டியிலேயே அஸ்வின் தனது 200 ஆவது டெஸ்ட் விக்கெட்டைப் பெற்றார். இந்தியா 197 ஓட்டங்களால் வென்றது.

2017 - லேவர் கிண்ண டென்னிசுத் தொடர் முதன்முறையாகப் பிராகா நகரில் தொடங்கியது.

2023 - மொகாலியில் நடைபெற்ற ஒருநாள் போட்டியில் இந்தியா ஆஸ்திரேலியாவை 5 விக்கெட்டுகளால் வென்றது. முகமது ஷமி 51 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார். ஏறத்தாழ 20 மாத இடைவெளிக்குப் பின்னர் அஸ்வின் மீண்டும் ஒருநாள் போட்டியில் ஆடினார்.

2024 - சென்னையில் நடைபெற்ற டெஸ்ட் போட்டியில் இந்தியா வங்காளதேசத்தை 280 ஓட்டங்களால் வென்றது.

2024 - 45 ஆவது சதுரங்க ஒலிம்பியாடில் இந்தியா பொதுப் பிரிவிலும் மகளிர் பிரிவிலும் தங்கப் பதக்கம் வென்றது.

நீண்ட எண்ணிக்கைச் சண்டை, 1927

இப்போட்டியின் ஏழாவது சுற்றில் டெம்ப்சியின் குத்துகளால் டனி தரையில் விழுந்தார். எதிராளி விழுந்தவுடன் மற்றவர் நடுநிலை மூலைக்குச் சென்று நிற்க வேண்டும்; அவர் சென்ற பின்னரே எண்ணத் தொடங்க வேண்டும் என்பது அப்போட்டிக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த விதி. டெம்ப்சி உடனே விலகிச் செல்லவில்லை. ஆகவே நடுவர் எண்ணத் தொடங்கச் சில வினாடிகள் தாமதமாயின. எண்ணிக்கை ஒன்பதை எட்டியபோது டனி எழுந்தார். அதற்குள் அவருக்கு ஏறக்குறைய 14 வினாடிகள் கிடைத்திருந்தன. மொத்தம் பத்துச் சுற்றுகள் கொண்ட இப்போட்டியில் டனி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. விதி சரியாகப் பின்பற்றப்பட்டது என்போரும், டெம்ப்சியே வென்றிருக்க வேண்டும் என்போரும் பின்னர் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர்.

சென்னைச் சமநிலைப் போட்டி, 1986

பின்னணி

டெஸ்ட் போட்டியில் 'சமநிலை' என்பதும், 'வெற்றி தோல்வியின்றி முடிதல்' என்பதும் வேறு வேறானவை. குறித்த காலத்தில் ஆட்டம் முடிவுறாமற் போனால் அது வெற்றி தோல்வியின்றி முடிந்ததாகும். இறுதியாக ஆடும் அணி தனது எல்லா விக்கெட்டுகளையும் இழக்கும்போது இரு அணிகளின் மொத்த ஓட்டங்களும் சரிசமமாக இருந்தால் மட்டுமே அது சமநிலை எனப்படும். 1877 முதல் இதுவரை நடைபெற்ற 2,500 க்கும் மேற்பட்ட டெஸ்ட் போட்டிகளில் இவ்வாறு இரண்டு மட்டுமே முடிந்துள்ளன. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா, மேற்கிந்தியத் தீவுகள் அணிகளுக்கிடையே நடைபெற்றது. அப்போட்டியில் ஆடிய பாப் சிம்ப்சன், சென்னையில் ஆஸ்திரேலிய அணியின் பயிற்றுநராக இருந்தார்.

சேப்பாக்கத்தில் அமைந்துள்ள மு. அ. சிதம்பரம் அரங்கம் 1934 முதல் டெஸ்ட் போட்டிகள் நடைபெறும் இடமாகும். இந்தியா தனது முதலாவது டெஸ்ட் வெற்றியை 1952 பெப்ரவரி 10 இல் இங்கிலாந்துக்கு எதிராக இங்கேயே பெற்றது. 1986 ஆம் ஆண்டுத் தொடரில் இந்திய அணிக்குக் கபில்தேவும், ஆஸ்திரேலிய அணிக்கு ஆலன் பார்டரும் தலைமை வகித்தனர். சுனில் கவாஸ்கருக்கு இது தொடர்ச்சியாக ஆடிய 100 ஆவது டெஸ்ட் போட்டியாகும். இந்திய அணியில் இடம்பெற்ற ஒரே தமிழ்நாட்டு வீரர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் ஆவார்.

ஆட்டத்தின் போக்கு

செப்டம்பர் 18 இல் போட்டி தொடங்கியது. முதலில் ஆடிய ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுகளுக்கு 574 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை நிறுத்திக் கொண்டது. டேவிட் பூன் 122, பார்டர் 106, டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் எடுத்தனர். இந்தியா தனது முதல் ஆட்டத்தில் 397 ஓட்டங்கள் எடுத்தது. கபில்தேவ் 119, ரவி சாஸ்திரி 62, ஸ்ரீகாந்த் 53, அசாருதீன் 50 ஓட்டங்கள் பெற்றனர். இரண்டாவது ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 5 விக்கெட்டுகளுக்கு 170 ஓட்டங்கள் எடுத்திருந்தது. அந்நிலையிலேயே, ஐந்தாம் நாள் காலையில், பார்டர் ஆட்டத்தை முடித்துக் கொள்வதாக அறிவித்தார். ஒரு நாளில் 348 ஓட்டங்கள் எடுத்தால் இந்தியாவுக்கு வெற்றி என்ற நிலை ஏற்பட்டது.

வெப்பமும் ஜோன்சும்

டீன் ஜோன்சுக்கு இது மூன்றாவது டெஸ்ட் போட்டி மட்டுமே. எட்டு மணி நேரத்துக்கும் மேலாக அவர் ஆடுகளத்தில் நின்றார். இடையில் தசைப்பிடிப்புக்கும் வாந்திக்கும் உள்ளானபோதும் ஆட்டத்தைக் கைவிடவில்லை. அவர் ஓய்வு பெற்று வெளியேற எண்ணியபோது, அணித்தலைவர் பார்டர் அவரது மன உறுதியைச் சீண்டும் வகையில் பேசித் தொடர்ந்து ஆடச் செய்தார். 210 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்த பின்னர் ஜோன்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றப்பட்டார். அந்நாளில் வீரர்களின் நீரிழப்பைக் கண்காணிக்கும் முறைகள் வளர்ந்திருக்கவில்லை. துணிவின் சான்றாக நெடுங்காலம் போற்றப்பட்ட இந்நிகழ்வு, வீரரின் உயிருக்கு எத்தகைய ஆபத்து நேர்ந்திருக்கக்கூடும் என்பதற்கும் சான்றாகும்.

அதே வெப்பத்தில் ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் கிரெக் மாத்யூஸ் கம்பளிச் சட்டை (சுவெட்டர்) அணிந்தே பந்து வீசினார். அவர் முதல் ஆட்டத்தில் 103 ஓட்டங்களுக்கு 5, இரண்டாவது ஆட்டத்தில் 146 ஓட்டங்களுக்கு 5 என மொத்தம் 10 விக்கெட்டுகள் எடுத்தார்.

இறுதி ஓவர்

இறுதி நாளில் கவாஸ்கர் 90, மொகிந்தர் அமர்நாத் 51 ஓட்டங்கள் எடுத்து வெற்றிக்கு அடித்தளமிட்டனர். ஒரு கட்டத்தில் கையில் நான்கு விக்கெட்டுகள் இருக்க, 18 ஓட்டங்களே தேவைப்பட்டன. பின்னர் 331, 334, 344 ஆகிய ஓட்ட எண்ணிக்கைகளில் மூன்று விக்கெட்டுகள் விரைந்து வீழ்ந்தன. மறுமுனையில் பந்து வீசிய ரே பிரைட் 94 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார்.

இறுதி ஓவரை மாத்யூஸ் வீசினார். இந்தியாவுக்கு வெற்றி பெற 4 ஓட்டங்கள் தேவை. ஒரு விக்கெட்டே எஞ்சியிருந்தது. ஓவரின் நிகழ்வுகள் பின்வருமாறு:

முதலாவது பந்து - சாஸ்திரி ஓட்டம் எடுக்கவில்லை.
இரண்டாவது பந்து - சாஸ்திரி 2 ஓட்டங்கள் எடுத்தார்.
மூன்றாவது பந்து - சாஸ்திரி 1 ஓட்டம் எடுத்தார். இரு அணிகளின் ஓட்டங்களும் சமமாயின. இந்தியா இனித் தோற்க இயலாது என்பது உறுதியாயிற்று.
நான்காவது பந்து - பதினோராவது ஆட்டக்காரர் மணீந்தர் சிங் பந்தைத் தடுத்தார்.
ஐந்தாவது பந்து - பந்து மணீந்தரின் காலில் பட்டது. நடுவர் வி. விக்ரம்ராஜு அவர் ஆட்டமிழந்ததாக (எல்.பி.டபிள்யூ.) விரலை உயர்த்தினார்.

இந்தியா 347 ஓட்டங்களுக்கு அனைத்து விக்கெட்டுகளையும் இழந்தது. சாஸ்திரி 48 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். இரு அணிகளும் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 744 ஓட்டங்கள் எடுத்திருந்தன. ஜோன்சும் கபில்தேவும் ஆட்ட நாயகர்களாகத் தெரிவாயினர்.

தீர்ப்பு பற்றிய கருத்து வேறுபாடு

பந்து முதலில் தனது மட்டையில் பட்டது என மணீந்தர் பின்னர் பலமுறை கூறியுள்ளார். நடுவர் விக்ரம்ராஜு தமது தீர்ப்பு சரியானதே என்ற நிலைப்பாட்டில் உறுதியாக இருந்தார். இது அவர் நடுவராகப் பணியாற்றிய இரண்டாவது டெஸ்ட் போட்டியாகும். அதன் பின்னர் அவர் டெஸ்ட் போட்டிகளில் நடுவராக நிற்கவில்லை.

அக்காலத்தில் போட்டியை நடத்தும் நாட்டைச் சேர்ந்தவர்களே நடுவர்களாக இருப்பது வழக்கம். ஓர் இந்திய நடுவர் இந்தியாவின் வெற்றி வாய்ப்பை முடிவுக்குக் கொண்டுவரும் தீர்ப்பை வழங்கியது இப்போட்டியின் குறிப்பிடத்தக்க கூறாகும். அதே ஆண்டு நவம்பரில் லாகூரில் பாக்கிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள் அணிகள் ஆடிய டெஸ்ட் போட்டியில் இந்திய நடுவர் இருவர் பொதுநிலை நடுவர்களாகப் பணியாற்றினர். தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் மூன்றாம் நடுவர் முறை 1992 இலும், களநடுவரின் தீர்ப்பை வீரர்களே மீளாய்வுக்கு உட்படுத்தும் முறை 2008 இலும் டெஸ்ட் போட்டிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டன. 1986 இல் இவ்வாய்ப்புகள் எவையும் இல்லாமையால், அந்தப் பந்து குறித்த ஐயம் தீர்க்கப்படாமலே உள்ளது.

பின்விளைவுகள்

தொடரின் ஏனைய இரு போட்டிகளும் வெற்றி தோல்வியின்றி முடிந்தமையால் தொடர் 0-0 என நிறைவுற்றது. தொடர் தோல்விகளால் தளர்ந்திருந்த ஆஸ்திரேலிய அணிக்குச் சென்னைப் போட்டி தன்னம்பிக்கை அளித்ததாகக் கருதப்படுகின்றது. அடுத்த ஆண்டு, 1987 அக்டோபர் 9 இல், உலகக்கிண்ணத் தொடரில் இதே சேப்பாக்கம் அரங்கில் இவ்விரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. ஆஸ்திரேலியாவின் ஆட்டத்தின்போது ஜோன்ஸ் அடித்த பந்து ஒன்று நான்கு ஓட்டங்களாகக் கணக்கிடப்பட்டிருந்தது. அது எல்லைக்கோட்டைத் தரையில் படாமல் கடந்தது என ஆட்ட இடைவேளையில் முடிவு செய்யப்பட்டு, கபில்தேவின் ஒப்புதலுடன் ஆறு ஓட்டங்களாகத் திருத்தப்பட்டது. இந்தியா அப்போட்டியில் ஒரே ஓட்டத்தால் தோற்றது. இறுதி ஓவரின் ஐந்தாவது பந்தில் ஆட்டமிழந்தவர் இம்முறையும் மணீந்தர் சிங்கே. ஆஸ்திரேலியா அவ்வாண்டு உலகக்கிண்ணத்தை முதன்முறையாக வென்றது.

2024: சேப்பாக்கமும் புடாபெஸ்டும்

சென்னை டெஸ்ட்

சமநிலைப் போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாள், 1986 செப்டம்பர் 17 இல், அஸ்வின் சென்னையில் பிறந்தார். போட்டி முடிவுற்றபோது அவர் பிறந்து ஐந்து நாட்களே ஆகியிருந்தன. 2024 செப்டம்பர் 19 இல் சேப்பாக்கத்தில் வங்காளதேசத்துக்கு எதிரான டெஸ்ட் போட்டி தொடங்கியபோது அவருக்கு வயது 38.

இந்தியா 144 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை இழந்திருந்த நிலையில் அஸ்வினும் ரவீந்திர ஜடேஜாவும் இணைந்து 199 ஓட்டங்கள் சேர்த்தனர். அஸ்வின் 113, ஜடேஜா 86 ஓட்டங்கள் எடுத்தனர். இந்தியாவின் மொத்த ஓட்டங்கள் 376. வங்காளதேசம் 149 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இரண்டாவது ஆட்டத்தில் சுப்மன் கில் 119 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் இருந்தார். ரிசப் பந்த் 109 ஓட்டங்கள் எடுத்தார். 515 ஓட்டங்கள் என்ற இலக்கை நோக்கி ஆடிய வங்காளதேசம், நான்காம் நாளான செப்டம்பர் 22 இல் 234 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அஸ்வின் 88 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்து ஆட்ட நாயகனானார். டெஸ்டில் ஓர் ஆட்டத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விக்கெட்டுகளை அவர் எடுத்தது இது 37 ஆவது முறையாகும். இதன்மூலம் ஷேன் வார்னின் எண்ணிக்கையை எட்டினார். 2021 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராகவும் சேப்பாக்கத்தில் ஒரே போட்டியில் சதமும் ஐந்து விக்கெட்டுகளும் பெற்றிருந்தார்.

இதுவே அஸ்வின் தமது சொந்த ஊரில் ஆடிய இறுதி டெஸ்ட் போட்டியாக அமைந்தது. 2024 டிசம்பர் 18 இல் அவர் பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். 106 டெஸ்ட் போட்டிகளில் அவர் 537 விக்கெட்டுகள் எடுத்துள்ளார்.

சதுரங்க ஒலிம்பியாடு

உலக நாடுகள் அணிகளாகப் பங்கேற்கும் சதுரங்க ஒலிம்பியாடில் இந்தியப் பொதுப் பிரிவு அணி 2014 இல் முதன்முறையாக வெண்கலம் வென்றது. 44 ஆவது ஒலிம்பியாடு 2022 இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள மாமல்லபுரத்தில் நடைபெற்றது. ரஷ்யாவில் நடைபெறவிருந்த அத்தொடர், உக்ரைன் போரைத் தொடர்ந்து இடம் மாற்றப்பட்டு, சில மாத கால ஏற்பாட்டில் தமிழ்நாட்டில் நடத்தப்பட்டது. அதில் இந்தியாவின் இரண்டாம் அணி பொதுப் பிரிவிலும், முதல் அணி மகளிர் பிரிவிலும் வெண்கலம் வென்றன. இரண்டாம் அணியின் முதற்பலகையில் ஆடிய 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். ஆயினும் பத்தாவது சுற்றில், சாதகமான நிலையில் இருந்தும், உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவிடம் தோற்றார். அணியின் தங்க வாய்ப்பை இத்தோல்வி பெரிதும் பாதித்தது. தங்கத்தை உஸ்பெகிஸ்தான் வென்றது.

இரண்டு ஆண்டுகளின் பின்னர் புடாபெஸ்டில் குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன் எரிகைசி, விதித் குஜராத்தி, பென்டாலா ஹரிகிருஷ்ணா ஆகியோர் இந்தியப் பொதுப் பிரிவு அணியில் ஆடினர். அணியின் ஆடாத் தலைவராகச் சென்னையைச் சேர்ந்த ஸ்ரீநாத் நாராயணன் பணியாற்றினார். மகளிர் அணியில் ஹரிகா துரோணவல்லி, வைஷாலி, திவ்யா தேஷ்முக், வந்திகா அகர்வால், தானியா சச்தேவ் ஆகியோர் இடம்பெற்றனர். வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் உடன்பிறந்தோர். உலகில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் அக்காள், தம்பி இணையும் ஆவர்.

செப்டம்பர் 22 இல் நடந்த 11 ஆவது, இறுதிச் சுற்றில் பொதுப் பிரிவு அணி ஸ்லோவேனியாவை 3.5-0.5 என வென்றது. குகேஷ், அர்ஜுன், பிரக்ஞானந்தா மூவரும் வெற்றி பெற, விதித் தமது ஆட்டத்தைச் சமன் செய்தார். 22 புள்ளிகளில் 21 புள்ளிகளை அவ்வணி பெற்றிருந்தது. உஸ்பெகிஸ்தானுடனான சுற்று ஒன்று மட்டுமே சமநிலையில் முடிந்திருந்தது. அமெரிக்கா வெள்ளியும், உஸ்பெகிஸ்தான் வெண்கலமும் பெற்றன. மகளிர் அணியும் அன்று அஜர்பைஜானை 3.5-0.5 என வென்று 19 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. கசக்கிஸ்தான் இரண்டாமிடமும், அமெரிக்கா மூன்றாமிடமும் பெற்றன. தனிநபர் பலகைப் பரிசுகளில் குகேஷ், அர்ஜுன், திவ்யா, வந்திகா ஆகிய நால்வர் தங்கம் வென்றனர்.

இவ்வெற்றிக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களின் பின்னர், 2024 டிசம்பர் 12 இல், குகேஷ் சிங்கப்பூரில் திங் லிரெனை வென்று 18 வயதில் உலக வாகையர் ஆனார். விசுவநாதன் ஆனந்துக்குப் பின்னர் இப்பட்டத்தை வென்ற இரண்டாவது இந்தியரும் இவரே. இருவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

1986 இல் சென்னை ஒரு பெரும் போட்டிக்குக் களமாக இருந்தது. அப்போட்டியில் ஆடிய உள்ளூர் வீரர் ஒருவர் மட்டுமே. 2024 இல் அதே நாளில் இரு கண்டங்களில் நடந்த இரு வேறு போட்டிகளின் முடிவில் தமிழ்நாட்டு வீரர்கள் முதன்மைப் பங்கு வகித்தனர்.

பிறப்புகள்

1927 - டாமி லசோர்டா, அமெரிக்க அடிபந்தாட்டப் பயிற்றுநர். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியை 1981, 1988 ஆம் ஆண்டுகளில் உலகத் தொடர் வெற்றிக்கு வழிநடத்தியவர் (இ. 2021).

1962 - மார்ட்டின் குரோவ், நியூசிலாந்துத் துடுப்பாட்டக்காரர். 77 டெஸ்ட் போட்டிகளில் 17 சதங்களுடன் 5,444 ஓட்டங்கள் எடுத்தவர். 1991 இல் வெலிங்டனில் இலங்கைக்கு எதிராக 299 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். 1992 உலகக்கிண்ணத்தில் அணித்தலைவராக 456 ஓட்டங்கள் குவித்துத் தொடர் நாயகனானார். சுழற்பந்து வீச்சாளர் தீபக் பட்டேலைக் கொண்டு ஆட்டத்தின் முதல் ஓவர்களை வீசச் செய்த அவரது உத்தி பெரிதும் பேசப்பட்டது (இ. 2016).

1970 - இம்மானுவேல் பெத்தி, பிரான்சுக் காற்பந்தாட்டக்காரர். 1998 உலகக்கிண்ண இறுதிப் போட்டியில் பிரேசிலுக்கு எதிராக மூன்றாவது கோலை அடித்தவர்.

1978 - ஹாரி கெவல், ஆஸ்திரேலியக் காற்பந்தாட்டக்காரர்.

1982 - மார்ட்டென் ஸ்டெக்கலன்பர்க், நெதர்லாந்துக் காற்பந்தாட்டக் கோல்காப்பாளர். 2010 உலகக்கிண்ண இறுதிப் போட்டியில் ஆடியவர்.

1984 - தியாகோ சில்வா, பிரேசில் காற்பந்தாட்டக்காரர்.

இறப்புகள்

2011 - மன்சூர் அலி கான் பட்டோடி, இந்தியத் துடுப்பாட்ட அணித்தலைவர் (பி. 1941).

2015 - யோகி பெர்ரா, அமெரிக்க அடிபந்தாட்ட வீரர் (பி. 1925). வீரராகப் பத்து உலகத் தொடர்களை வென்றவர். அவர் தமது முதல் போட்டியில் ஆடிய நாளிலிருந்து சரியாக 69 ஆண்டுகள் நிறைவுற்ற நாளில் காலமானார்.

மன்சூர் அலி கான் பட்டோடி

பட்டோடி 1961 சூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நேர்ந்த கார் விபத்தில் வலக் கண்ணின் பார்வையை இழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராகத் தில்லியில் தமது முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார். ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு விரைந்து வரும் பந்தின் தொலைவை மதிப்பிடுவது மிகக் கடினமாகும். ஆயினும் 1962 சனவரியில் சென்னை மாநகராட்சி அரங்கில் ஆடிய தமது மூன்றாவது டெஸ்டில் 103 ஓட்டங்கள் எடுத்தார். அது அவரது முதலாவது டெஸ்ட் சதமாகும். இந்தியா அப்போட்டியை 128 ஓட்டங்களால் வென்று, இங்கிலாந்துக்கு எதிரான தொடரொன்றை முதன்முறையாகக் கைப்பற்றியது.

இரண்டு மாதங்களின் பின்னர் மேற்கிந்தியத் தீவுகளில் அணித்தலைவர் நாரி கான்டிராக்டர் தலையில் பந்துபட்டுக் கடுமையாகக் காயமுற்றதால், பட்டோடி தமது 21 ஆவது வயதில் தலைமைப் பொறுப்பேற்றார். 40 டெஸ்ட் போட்டிகளில் தலைமை வகித்து ஒன்பதில் வெற்றி பெற்றார். 1968 இல் நியூசிலாந்தில் இந்தியா வெளிநாட்டில் தனது முதலாவது தொடர் வெற்றியைப் பெற்றது அவரது தலைமையிலேயே. சுழற்பந்து வீச்சை முதன்மைப் படைக்கலமாகக் கொண்டவர் அவர். சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவன் 1965 இல் தமது ஊரில் முதல் டெஸ்டில் ஆடியபோது அணித்தலைவர் பட்டோடியே. மொத்தம் 46 டெஸ்ட் போட்டிகளில் ஆறு சதங்களுடன் 2,793 ஓட்டங்கள் எடுத்தார். 1975 சனவரியில் தமது இறுதித் தொடரில் ஆடினார்.

இங்கிலாந்தில் நடைபெறும் இந்திய, இங்கிலாந்து டெஸ்ட் தொடர்களுக்கு 2007 முதல் பட்டோடி கிண்ணம் வழங்கப்பட்டு வந்தது. 2025 இல் தொடரின் பெயர் ஆண்டர்சன்-டெண்டுல்கர் கிண்ணம் என மாற்றப்பட்டது. வெற்றி பெறும் அணித்தலைவருக்குப் பட்டோடி பெயரில் பதக்கம் வழங்கும் முறை அப்போது ஏற்படுத்தப்பட்டது.

இந்நாளை ஒட்டிய நாட்கள்

செப்டம்பர் 17 - அஸ்வின் பிறப்பு (1986).

செப்டம்பர் 18 - சென்னைச் சமநிலைப் போட்டி தொடக்கம் (1986).

செப்டம்பர் 19 - டர்பனில் யுவராஜ் சிங் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஓவரில் ஆறு ஆறுகள் அடித்தார் (2007).

செப்டம்பர் 24 - டீன் ஜோன்ஸ் மும்பையில் மாரடைப்பால் மறைவு (2020). சென்னையில் இரட்டைச் சதம் அடித்த போட்டி முடிந்து 34 ஆண்டுகளும் இரண்டு நாட்களும் ஆகியிருந்தன. தொலைக்காட்சி வருணனையாளராக அவர் இந்தியா வந்திருந்தார்.

இவற்றையும் பார்க்க

செப்டம்பர் 22
மு. அ. சிதம்பரம் துடுப்பாட்ட அரங்கம்
சதுரங்க ஒலிம்பியாடு
மரக்காணம்